எடை மெஷினை கொஞ்ச நாள் பரண்ல போடுங்க

போன இதழ்ல, எடை கூடின பிள்ளைங்களுக்கு ரத்த அழுத்தம் பார்க்கணும்னு போற போக்குல ஒரு வரி எழுதினேன். அதுக்கு வந்து குவிஞ்ச கடிதங்களை பார்த்தா இந்த தடவை வேற எந்த கேள்வியையும் எடுக்க முடியல. ஒரே கேள்வியை பல பேர் பல மாதிரி கேட்டிருக்கீங்க, அதனால சிலதை சேர்த்தே பதில் சொல்றேன். பேர் யாரோடதும் போடல.

கேள்வி: என் பொண்ணுக்கு 9 வயசு. ஸ்கூல் செக்கப்ல, எடை அதிகம், இதய நோய் ஆபத்து பத்தி டாக்டரை பாருங்கன்னு எழுதி அனுப்பிட்டாங்க. மாமியார் என்னடான்னா வளர்ற பிள்ளை, தானா இளைச்சிடுவான்னு சொல்றாங்க. 9 வயசுல ஹார்ட் பிரச்சனை வருமா டாக்டர்? எனக்கு தூக்கமே போச்சு.

முதல்ல நிம்மதியா தூங்குங்கம்மா. உங்க பொண்ணுக்கு நாளைக்கே மாரடைப்பு வந்துடும்னு அந்த சீட்டுக்கு அர்த்தம் இல்ல. அதுக்காக 9 வயசுல என்ன ஹார்ட்டுன்னு சிரிச்சுட்டு கிழிச்சு போடற சீட்டும் இல்ல அது.

ரத்தக்குழாய்க்குள்ள கொழுப்பு படியற சமாச்சாரம் 45 வயசுல திடீர்னு ஆரம்பிக்கறது இல்ல. சின்ன வயசுலயே உள்சுவர்ல மெல்லிசா கோடு கோடா ஆரம்பிக்குது. அமெரிக்காவுல லூசியானா மாநிலத்துல போகலூசான்னு ஒரு ஊர், அங்க 1970கள்ல இருந்து பிள்ளைங்களை தொடர்ந்து வருஷக்கணக்கா பரிசோதிச்சுட்டு வந்தாங்க. அதுல இருந்தவங்கள்ல சிலர் விபத்து மாதிரி காரணங்களால சின்ன வயசுலயே இறந்துட்டாங்க, அவங்களோட ரத்தக்குழாய்களை ஆராய்ஞ்சு 1998ல முடிவை வெளியிட்டாங்க. உடல் பருமன், ரத்த அழுத்தம், கொலஸ்ட்ரால், சிகரெட்னு ஒண்ணோட ஒண்ணு சேர சேர அந்த கொழுப்புப் படிவும் அதிகமா இருந்துச்சு. உயிரோட இருந்தப்போ அவங்கள்ல பெரும்பாலானவங்களுக்கு நெஞ்சு வலின்னு ஒண்ணு இருந்திருக்கவே இருக்காது, வெளியில எதுவும் தெரியாம உள்ளுக்குள்ள நடக்கற வேலை இது.

இப்போ நல்ல சேதிக்கு வரேன், எனக்கு இந்த விஷயத்துல ரொம்ப பிடிச்ச ஆராய்ச்சி இதுதான். அமெரிக்கா, பின்லாந்து, ஆஸ்திரேலியான்னு மூணு நாட்டுல நடந்த நாலு ஆய்வுகளை ஒண்ணா சேர்த்து, 6,328 பேரை சின்ன வயசுல இருந்து சராசரியா 23 வருஷம் கழிச்சு பார்த்தாங்க, 2011ல முடிவு வந்துச்சு. சின்ன வயசுல எடை அதிகமா இருந்து, பெரியவங்களானப்போ பருமன் இல்லாம இருந்தவங்களுக்கு சுகர், ரத்த அழுத்தம், கெட்ட கொலஸ்ட்ரால், கழுத்து ரத்தக்குழாய் தடிப்பு இதெல்லாம் வர்ற ஆபத்து எவ்வளவு தெரியுமா? எப்பவுமே பருமனா இல்லாதவங்களுக்கு இருந்த அளவுதான். அதாவது பழைய கணக்கு பெரும்பாலும் அழிஞ்சுடுது. 50 வயசு பேஷண்ட் கிட்ட என்னால இவ்வளவு தைரியமா சொல்ல முடியாது, 9 வயசு பிள்ளையோட அம்மா கிட்ட சொல்ல முடியுது.

மாமியார் சொல்றதுல பாதி சரி. சில பிள்ளைங்க உயரமாகும்போது சரியாயிடுவாங்க. ஆனா டீன் ஏஜ் வரைக்கும் பருமன் தொடர்ந்துட்டா அப்புறம் பத்துல எட்டு பேருக்கு அது பெரியவங்களானாலும் கூடவே வருது. அதனால காத்திருந்து பார்ப்போம்னு விடாதீங்க.

வீட்டுலயே ஒண்ணு பாருங்க. ஒரு இஞ்ச் டேப் எடுங்க, சட்டையை தூக்கிட்டு பொண்ணை நிக்க வைங்க, கடைசி விலா எலும்புக்கும் இடுப்பு எலும்புக்கும் நடுவுல டேப்பை சுத்துங்க, வயித்தை எக்காம சாதாரணமா மூச்சு விட்டதும் அளவை பாருங்க. இடுப்பு அளவு உயரத்துல பாதிக்கும் குறைவா இருக்கணும். 140 சென்டிமீட்டர் உயரம்னா 70க்குள்ள. அதுக்கு மேல போனா வயித்துக்குள்ள கொழுப்பு சேருதுன்னு அர்த்தம், இதயத்துக்கு அந்த கொழுப்புதான் அதிகமா தொல்லை கொடுக்கும்.

கேள்வி: பையனுக்கு 8 வயசு, உயரம் 130 செ.மீ., 34 கிலோ. புதுசா எடை மெஷின் வாங்கி தினமும் காலையில நிக்க வைக்கறேன். மாசத்துக்கு எத்தனை கிலோ குறைக்கணும் டாக்டர்? இப்பல்லாம் மெஷினை பார்த்தாலே அழறான்.

சார், அந்த மெஷினை தூக்கி பரண்ல போடுங்க. உங்க பையன் ஒரு கிலோ கூட குறைக்க வேண்டியது இல்ல.

கணக்கு சொல்றேன் கேளுங்க. பிஎம்ஐன்னா கிலோவுல இருக்கற எடையை, மீட்டர்ல இருக்கற உயரத்தால ரெண்டு தடவை வகுத்தா வர்ற எண். இப்போ அவனோட பிஎம்ஐ 20.1, உலக சுகாதார நிறுவனத்தோட அளவுப்படி 8 வயசு பையனுக்கு 19.7க்கு மேல போனாலே பருமன்தான், அதனால கவலைப்பட வேண்டியதுதான். ஆனா இந்த வயசுல பிள்ளைங்க வருஷத்துக்கு அஞ்சாறு சென்டிமீட்டர் வளருவாங்க. அடுத்த வருஷம் 136 செ.மீ. ஆகி, எடை அதே 34 கிலோவுல நின்னுச்சுன்னு வைங்க, பிஎம்ஐ 18.4க்கு வந்துடும். 9 வயசுக்கு பருமன்னு சொல்ற அளவு 20.5, அதுக்கு நல்லாவே கீழ. இன்னும் கொஞ்சம் எடை அதிகம்தான், ஆனா பருமன்ங்கற கட்டத்தை தாண்டி வெளிய வந்துட்டான், ஒரு கிலோ குறையாமலே. வளர்ற பிள்ளைக்கு இருக்கற இந்த வசதி நமக்கெல்லாம் கிடையாது.

ரொம்ப அதிக எடை இருக்கற பிள்ளைங்களுக்கும், வளர்ச்சி முடியப்போற டீன் ஏஜ் பிள்ளைங்களுக்கும் மெதுவா குறைக்க சொல்லுவோம், அதுவும் டாக்டர் பார்வையில. மத்தபடி பட்டினி, ஒரு வேளை சாப்பாட்டை கட் பண்றது, பெரியவங்க டயட்டை பிள்ளைக்கு போடறது எதுவும் வேணாம். மாசத்துக்கு ஒரு தடவை, இல்லன்னா டாக்டர் கிட்ட போகும்போது எடை பார்த்தா போதும். அழற பிள்ளையை மெஷின்ல நிக்க வெச்சா அது ஒளிச்சு வெச்சு சாப்பிடத்தான் கத்துக்கும்.

கேள்வி: எங்க பொண்ணுக்கு 11 வயசு. டாக்டர் ஒரு லைஃப்ஸ்டைல் புரோகிராம்ல சேர சொல்றார், ஆறு மாசம், வாரத்துக்கு ரெண்டு நாள். அப்பா அம்மாவுல ஒருத்தர் கட்டாயம் வரணுமாம். ரெண்டு பேருமே வேலைக்கு போறோம். பிள்ளையை மட்டும் அனுப்பினா போதாதா? இதெல்லாம் உண்மையிலேயே பலன் கொடுக்குமா, இல்ல வெறும் அட்வைஸ்தானா?

இந்த கேள்விக்கு கொஞ்சம் நீளமா பதில் சொல்றேன், ஏன்னா இதே கேள்வியோட நிறைய கடிதம் இருக்கு.

ஒரு தடவை கிளினிக்குக்கு வந்து பத்து நிமிஷம் உக்காந்து, எண்ணெய் குறைங்க, ஓடியாடி விளையாட விடுங்கன்னு நாங்க சொல்ற அட்வைஸுக்கு பெருசா பலன் இல்ல, இதை சொல்றதுல எனக்கு வெட்கம் ஒண்ணும் இல்ல. அமெரிக்காவுல தடுப்பு மருத்துவத்துக்குன்னு இருக்கற நிபுணர் குழு இருக்கற ஆய்வுகளையெல்லாம் அலசி பார்த்துட்டு, புரோகிராம் நடத்தறவங்க பிள்ளையோடயும் குடும்பத்தோடயும் செலவழிக்கற நேரம் மொத்தமா 26 மணி நேரமாவது இருந்தாதான் நிஜமான பலன் தெரியுதுன்னு சொன்னாங்க, 6 வயசுக்கு மேல பருமனா இருக்கற பிள்ளைங்களுக்கு அதைத்தான் சிபாரிசும் பண்றாங்க. உங்க டாக்டர் ஆறு மாசம்னு சொல்றது சும்மா இல்ல.

அமெரிக்காவுல யேல் பல்கலைக்கழகத்துல பிரைட் பாடீஸ்னு ஒரு புரோகிராம், 8ல இருந்து 16 வயசு வரைக்கும் உள்ள பிள்ளைங்களுக்கு. வாரத்துல ரெண்டு நாள் உடற்பயிற்சி, ஒரு நாள் சாப்பாடு பத்தியும் பழக்கத்தை மாத்தறது பத்தியும் வகுப்பு, ஆறு மாசம் கழிச்சு ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவை. டயட் சார்ட்டுன்னு ஒண்ணு கொடுக்கவே இல்ல, எதை தேர்ந்தெடுக்கறது எப்படின்னுதான் சொல்லிக் கொடுத்தாங்க. 2007ல வந்த முடிவுல, ஒரு வருஷத்துக்கு அப்புறம் இந்த பிள்ளைங்க எடை கிட்டத்தட்ட அப்படியே இருந்துச்சு, சராசரியா 0.3 கிலோதான் கூடினாங்க. வழக்கமான ஆலோசனை மட்டும் கிடைச்ச பிள்ளைங்க 7.7 கிலோ கூடினாங்க. உடம்புல இருக்கற கொழுப்பு இவங்களுக்கு 3.7 கிலோ குறைஞ்சது, அவங்களுக்கு 5.5 கிலோ ஏறுச்சு. இன்சுலின் சரியா வேலை செய்யாத நிலையும் இவங்களுக்கு குறைஞ்சது. மேல எழுதின அந்த அப்பாவும் இந்த 0.3 கிலோவை ஒரு தடவை படிச்சு பார்க்கணும், மெஷினை மட்டும் பார்த்திருந்தா அந்த ஒரு வருஷ உழைப்பை தோல்வின்னு சொல்லியிருப்பாங்க.

சரி, அப்பா அம்மா எதுக்கு? லெனார்ட் எப்ஸ்டைன்னு ஒரு அமெரிக்க உளவியல் ஆராய்ச்சியாளர், உணவை சிக்னல் லைட் மாதிரி சிவப்பு, மஞ்சள், பச்சைன்னு பிரிச்சு பிள்ளைங்களுக்கு சொல்லிக் கொடுத்தவர். அவர் குடும்பங்களை குழு குழுவா பிரிச்சு பத்து வருஷம் கழிச்சு பார்த்து 1990ல எழுதினார். பிள்ளையும் பெத்தவங்களும் சேர்ந்து பழக்கத்தை மாத்திக்கிட்ட குழுவுல, பத்து வருஷத்துக்கு அப்புறமும் பிள்ளைங்களோட அதிக எடை அளவு ஆரம்பிச்சதை விட குறைவாவே இருந்துச்சு. அப்படி பெத்தவங்களை குறி வைக்காத ஒப்பீட்டுக் குழுவுல ஆரம்பிச்சதை விட கூடிப்போச்சு. இது நியாயம்தானே. 11 வயசு பொண்ணா வீட்டுக்கு சாமான் வாங்குது? ஃப்ரிட்ஜுல என்ன இருக்கணும், எத்தனை மணிக்கு சாப்பிடணும், டிவி எப்போ அணைக்கணும்னு முடிவு பண்றது நீங்க. பிள்ளைக்கு மட்டும் ஒரு தட்டுல காய், எதிர்ல அப்பா சிப்ஸ் பாக்கெட்டோட டிவி முன்னாடி உக்காந்திருந்தா, எந்த புரோகிராமும் தேறாது.

ரெண்டு பேரும் வேலைன்னா மாத்தி மாத்தி போங்க, வீட்டுல சமைக்கற ஆள் யாரோ அவங்க ஒரு தடவையாவது போகட்டும். வீடியோ கால்ல சில செஷன் நடத்தறாங்களான்னு கேளுங்க, வெட்கப்படாம கேக்கலாம்.

நல்ல புரோகிராமா இல்லையான்னு எப்படி கண்டுபிடிக்கறதுன்னா, அங்க போனதும் கவனிங்க. ஆரம்பத்துலயே ரத்த அழுத்தம் பார்க்கறாங்களா, பிள்ளை பேச இடம் கொடுக்கறாங்களா, உடற்பயிற்சி விளையாட்டு மாதிரி இருக்கா, பிள்ளைங்க சிரிக்கற சத்தம் கேக்குதா. முப்பது நாள்ல பத்து கிலோன்னு போர்டு வெச்சிருந்தா, பவுடர் டப்பா விக்க ஆரம்பிச்சா, எல்லார் முன்னாடியும் எடை போட்டு நம்பரை கத்தி சொன்னா, அப்படியே திரும்பி வந்துடுங்க.

கேள்வி: எனக்கு 14 வயசு. நானே எழுதறேன், வீட்டுக்கு தெரியாது. ஸ்கூல்ல ஓட விட்டா நான்தான் கடைசி, எல்லாரும் கிண்டல் பண்றாங்க. அதனால பிடி பீரியட்ல வயித்து வலின்னு சொல்லிடுவேன். இப்போ காலை சாப்பாட்டை விட்டுட்டேன். ஆனாலும் எடை குறையல. நான் என்ன பண்ணா ஹார்ட்டுக்கு நல்லது?

தம்பி, எழுதினதே பெரிய விஷயம். முதல் வேலை, நாளைக்கு காலையில இருந்து சாப்பிடு. காலையில பட்டினி கிடந்தா சாயங்காலம் கையில கிடைச்சதெல்லாம் உள்ள போகும், அது உன் தப்பு இல்ல, பசியோட குணம் அது.

அடுத்தது, எடை குறைஞ்சாதான் இதயத்துக்கு நல்லதுன்னு நினைச்சுட்டு இருக்க, அது முழு உண்மை இல்ல. உடம்பு அசைய ஆரம்பிச்சதும் எடை இறங்கறதுக்கு முன்னாடியே ரத்த அழுத்தம், இன்சுலின், ரத்தக்குழாய் விரியற திறன் இதெல்லாம் சரியாக ஆரம்பிச்சுடும். ஹாங்காங்ல 9ல இருந்து 12 வயசுல எடை அதிகமா இருந்த 82 பிள்ளைங்களை வெச்சு பார்த்தாங்க, 2004ல வெளியாச்சு. சிலருக்கு உணவு மாற்றம் மட்டும், சிலருக்கு அதோட உடற்பயிற்சியும். ஆறே வாரத்துல ரெண்டு குழுவுக்குமே ரத்தக்குழாய் முன்னை விட நல்லா விரிய ஆரம்பிச்சது, உடற்பயிற்சியும் பண்ணவங்களுக்கு இன்னும் நல்லா. ஒரு வருஷம் விடாம பண்ணவங்களுக்கு கழுத்து ரத்தக்குழாய் சுவர் தடிப்பு கூட குறைஞ்சது. உன்னை விட சின்ன பசங்க அவங்க, அவங்களால முடிஞ்சிருக்கு.

உன் வயசுக்கு தினமும் சராசரியா 60 நிமிஷம் மூச்சு வாங்கற மாதிரி அசையணும், வாரத்துல மூணு நாளாவது தசைக்கும் எலும்புக்கும் வேலை கொடுக்கணும், உலக சுகாதார நிறுவனம் சொல்றது இது. ஒரே மூச்சுல 60 வேணாம், பத்து பத்தா பிரிச்சுக்கோ. ஓட்டம்தான் உனக்கு எதிரின்னா ஓடாத. சைக்கிள், நீச்சல், டான்ஸ், பந்து எறிஞ்சு பிடிக்கறது, படி ஏறறது எதுவா இருந்தாலும் சரி. பேச முடியணும், ஆனா பாட முடியக்கூடாது, அந்த அளவு மூச்சு வாங்கினா போதும். ஒண்ணு சொல்லட்டா, எடை தூக்கற மாதிரி, தள்ற மாதிரி பயிற்சியில பெரும்பாலும் உன்னை மாதிரி பசங்க ஒல்லி பசங்களை விட பலமா இருப்பாங்க. புஷ் அப்பை முதல்ல சுவத்துல கை வெச்சு ஆரம்பி.

கிண்டல் விஷயத்தை வீட்டுல சொல்லு, இல்ல உனக்கு பிடிச்ச ஒரு டீச்சர் கிட்டயாவது சொல்லு. கிண்டல் பண்ணா பிள்ளைங்க இளைப்பாங்கன்னு நினைக்கற பெரியவங்களும் இருக்காங்க, அவங்களுக்கும் சேர்த்தே சொல்றேன், கிண்டலுக்கு ஆளாகற பிள்ளை விளையாட்டை விட்டு ஓடும், தனியா உக்காந்து இன்னும் அதிகமா சாப்பிடும்.

கேள்வி: கூல்டிரிங்க்ஸ் நிறுத்திட்டோம். பழ ஜூஸ் தர்றோம், அது இயற்கைதானே?

கூல்டிரிங்க்ஸ் நிறுத்தினதுக்கு ஒரு சபாஷ். 330 மில்லி கேன் ஒண்ணுல 35 கிராம் சர்க்கரை இருக்கும், எட்டு ஒன்பது டீஸ்பூன். ஒரு டம்ளர் தண்ணியில ஒன்பது ஸ்பூன் சர்க்கரையை பிள்ளை கண் முன்னாடி போட்டு காட்டுங்க, அட்வைஸே வேணாம்.

ஜூஸ் விஷயத்துல ஏமாந்துடாதீங்க. பழத்தை பிழிஞ்சா நார் போயிடுது, சர்க்கரை தங்கிடுது, மூணு பழம் ஒரே நிமிஷத்துல உள்ள போயிடுது. மூணு பழத்தை கடிச்சு தின்ன சொல்லி பாருங்க, ஒண்ணுலயே போதும்னு எழுந்து போயிடுவாங்க. உலக சுகாதார நிறுவனம் குறைக்க சொல்ற சர்க்கரை கணக்குல ஜூஸ்ல இருக்கறதும் வருது, தேன்ல இருக்கறதும் வருது. மொத்த கலோரியில 10 சதவீதத்துக்குள்ள, முடிஞ்சா 5க்குள்ள. தாகத்துக்கு தண்ணி, பசிக்கு பழம்.

கேள்வி: பேரனுக்கு கொழுப்பே கூடாதுன்னு மருமகள் எண்ணெயே இல்லாம சமைக்கறா. சரியா டாக்டர்? அவனுக்கு 7 வயசு. சின்னவளுக்கு ஒண்ணரை வயசு, அவளுக்கும் அதேதான்.

பாட்டிம்மா, பெரியவன் விஷயத்துல மருமகள் நல்ல எண்ணத்துலதான் பண்றாங்க, ஆனா கொழுப்பே இல்லாம வேணாம். எந்த கொழுப்புங்கறதுதான் முக்கியம். பேக்கரி சாமான், திரும்ப திரும்ப சூடு பண்ண எண்ணெய்ல பொரிச்சது, வனஸ்பதி இதெல்லாம் குறையட்டும், கொட்டை வகை, மீன், தாவர எண்ணெய் அளவா இருக்கட்டும். உப்பும் கூடவே குறையணும், அதை எல்லாரும் மறந்துடறாங்க. சின்னவளுக்கு மட்டும் இன்னைக்கே நிறுத்த சொல்லுங்க, ரெண்டு வயசு வரைக்கும் மூளை வளர்ச்சிக்கு கொழுப்பு நல்லாவே வேணும், டாக்டர் சொல்லாம அந்த வயசுல கொழுப்பை குறைக்கவே கூடாது.

கேள்வி: சாப்பாடு, விளையாட்டு எல்லாம் ஓகே. ஆனா ராத்திரி 12 வரை போன். தூக்கத்துக்கும் எடைக்கும் சம்பந்தம் உண்டா?

நல்லாவே உண்டு. தூக்கம் குறைஞ்சா பசியை தூண்டற ஹார்மோன் கூடும், இனிப்பு மேலயும் பொரிச்சது மேலயும் ஆசை வரும், மறுநாள் விளையாடவும் தெம்பு இருக்காது. 6ல இருந்து 12 வயசுக்கு 9 முதல் 12 மணி நேரம், 13க்கு மேல 8 முதல் 10 மணி நேரம் தூங்கணும். போன் படுக்கையறைக்கு வெளிய சார்ஜ் ஆகட்டும், உங்களோடதும் சேர்த்துதான். பிள்ளை சத்தமா குறட்டை விடுது, தூக்கத்துல மூச்சு நின்னு நின்னு வருதுன்னா அது அசதி இல்ல, டாக்டர் கிட்ட காட்டணும், அந்த மூச்சுத்திணறல் தானாவே ரத்த அழுத்தத்தை ஏத்தும்.

கேள்வி: பையனுக்கு 12 வயசு, 68 கிலோ, கழுத்து பின்னாடி கறுத்து போயிருக்கு, தேய்ச்சாலும் போகல. என் கணவருக்கு 42 வயசுல ஹார்ட் அட்டாக் வந்துச்சு. என்ன டெஸ்ட் எடுக்கணும்? மாத்திரை, ஊசி எல்லாம் இருக்காமே?

கழுத்தை தேய்க்காதீங்கம்மா, அது அழுக்கு இல்ல. உடம்பு இன்சுலினுக்கு சரியா கட்டுப்படலன்னா தோல் அப்படி வெல்வெட் மாதிரி தடிச்சு கறுக்கும், சோப்பு போட்டா போகாது, இன்சுலின் நிலை சரியானா மெதுவா வெளுக்கும்.

உங்க பையனை தள்ளிப் போடாம கூட்டிட்டு போங்க. ரத்த அழுத்தம் பார்க்கும்போது கைக்கு ஏத்த அளவு பட்டை கட்டறாங்களான்னு பாருங்க, சின்ன பட்டையை பெரிய கையில கட்டினா நம்பர் பொய்யா ஏறி காட்டும். அப்புறம் கொலஸ்ட்ரால், சுகர், கல்லீரல் கொழுப்புக்கு ஏஎல்டின்னு ஒரு ரத்த டெஸ்ட். பருமனா இருக்கற பிள்ளைங்களுக்கு 10 வயசுல இருந்தே இதெல்லாம் பார்க்க சொல்லி 2023ல அமெரிக்க குழந்தை மருத்துவர் சங்கத்தோட வழிகாட்டுதல் வந்திருக்கு. உயரத்தையும் மறக்காம அளக்க சொல்லுங்க, எடை ஏறுது ஆனா உயரம் நின்னு போச்சுன்னா தைராய்டு மாதிரி ஹார்மோன் பிரச்சனை இருக்கான்னு தேடணும்.

ஊசி பத்தி கேட்டிருக்கீங்க. 12 வயசுக்கு மேல பருமன் இருக்கற பிள்ளைங்களுக்கு செமக்ளூடைட்னு பசியை குறைக்கற ஊசிக்கு சில நாடுகள்ல அனுமதி இருக்கு, நிஜமாவே எடையை குறைக்குது. யாருக்கு வேணும்னு நிபுணர் முடிவு பண்ணட்டும், கடையில கேட்டு வாங்கற பொருள் இல்ல அது. ஊசி போட்டாலும் சாப்பாட்டு மாற்றமும் உடற்பயிற்சியும் கூடவே ஓடணும்.

உங்க கடிதத்துல எனக்கு அதிகமா கண்ணுல பட்டது அந்த 42 வயசுதான். அவ்வளவு சின்ன வயசுல மாரடைப்புன்னா பரம்பரையா வர்ற அதிக கொலஸ்ட்ராலா இருக்கலாம், கிட்டத்தட்ட 300 பேர்ல ஒருத்தருக்கு இது உண்டு, இதுக்கும் எடைக்கும் சம்பந்தமே இல்ல. கெட்ட கொலஸ்ட்ரால்னு சொல்ற எல்டிஎல் 130க்கு மேல போனாலே பிள்ளைங்களுக்கு அதிகம், பரம்பரை கேஸ்ல அதையெல்லாம் தாண்டி எங்கேயோ நிக்கும், அதுக்கு சாப்பாட்டை மட்டும் மாத்தினா போதாது, மாத்திரை வேணும், 8-10 வயசுலயே ஆரம்பிக்கறதும் உண்டு. கடிதத்துல கடைசி வரியில ஒல்லியா ஒரு தங்கச்சி இருக்கா, அவளுக்கு பிரச்சனை இல்லன்னு எழுதியிருக்கீங்க. அவளையும் அன்னைக்கே கூட்டிட்டு போய் ரத்தம் கொடுக்க சொல்லுங்க.